பாதி விலை வவுச்சர்: வாங்கும் முன் கடைக்காரரின் கணக்கையும் போட்டுப் பாருங்கள்

டீல் இணையதளங்கள் தள்ளுபடி விலையில் விற்கும் தினசரி டீல் வவுச்சர் என்பது முன்பணம். இன்னும் செய்து தராத ஒரு வேலைக்காக, பெரும்பாலும் நீங்கள் காலடி வைத்திராத ஒரு கடைக்குக் கட்டுகிற முன்பணம். அந்தத் துணிச்சலுக்கு ஈடாகத்தான் விலை குறைகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டாலே எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம் என்பது பாதி தெளிந்துவிடும். மீதிப் பாதிக்குக் கடைக்காரர் பக்கம் போய் நின்று, அவருடைய கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். வாங்குபவர்களில் பலர் இதைச் செய்வதில்லை. டீல் கையைக் கடிப்பதும் பெரும்பாலும் இங்கேதான்.

100க்கு விற்கும் ஒரு சேவையை எடுத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு ஒன்றுதான். டீல் தளம் அதை 50க்கு விற்கிறது. அந்த 50-இல் தளத்துக்கு ஒரு பங்கு உண்டு. இந்தத் தொழிலை உலகம் முழுக்கக் கொண்டுபோன குரூப்பான், தொடக்க ஆண்டுகளில் வழக்கமாக எடுத்துக்கொண்டது ஏறக்குறைய பாதி. ஆக, 100க்கு விற்ற வேலைக்குக் கடைக்காரர் கையில் மிஞ்சுவது 25. அதுவும் சில தளங்களில் தவணை தவணையாக வரும். சிலவற்றில் நீங்கள் வவுச்சரைப் பயன்படுத்திய பிறகுதான் வரும்.

இந்த 25 அவருக்குப் போதுமா என்பதுதான் கேள்வி. நீச்சல் குளம், நடன வகுப்பு, அருங்காட்சியகம், பாறையேற்றப் பயிற்சிக்கூடம், படகுச் சுற்றுலா போன்றவற்றில் வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் செலவாகிக்கொண்டேதான் இருக்கும். காலியாகக் கிடக்கும் ஓர் இடத்தில் கூடுதலாக ஒருவரை உட்கார வைப்பதால் ஆகும் செலவு மிகக் குறைவு. அங்கே அந்த 25 கிட்டத்தட்ட முழுவதும் லாபம். அதனால் உங்களை முகம் சுளிக்காமல் வரவேற்க முடியும். அடுத்த முறை முழு விலைக்கு நீங்கள் வரக்கூடும் என்ற நம்பிக்கையும் இருக்கும்.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனியாகப் பொருளும் ஆள் நேரமும் செலவாகும் தொழில்கள் வேறு வகை. தலைமுடிக்குச் சாயமிடுவது, வாகனத்துக்கு ஆயில் மாற்றுவது, வீட்டுக்கு வந்து சுத்தம் செய்து தருவது ஆகியவற்றில் ஒருவருக்கான நேரடிச் செலவு 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு 25 மட்டும் வந்தால் தலைக்கு 15 நட்டம். 10 பேர் வந்தால் விளம்பரச் செலவென்று தாங்கிக்கொள்ளலாம். 500 பேர் வந்தால் முதலுக்கே மோசம். அந்த நிலையில் கடை என்ன செய்யும்? ஒரு மணி நேர வேலையை நாற்பது நிமிடத்தில் முடிக்கும். பழகும் நிலையில் இருக்கும் ஊழியரிடம் உங்களை அனுப்பும். மலிவான பொருளைப் பயன்படுத்தும். இல்லாவிட்டால் கூடுதலாக எதையாவது உங்கள் தலையில் கட்டப் பார்க்கும். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் இல்லாத நல்ல கடைகள்கூட இந்த நெருக்கடியில் சிக்கி இப்படி நடந்துகொள்வதுண்டு. கடைக்காரருக்குக் கட்டுபடியாகாத டீல் வாங்கியவருக்கும் நல்லபடியாக முடிவது அரிது.

இங்கிலாந்தில் 2011-இல் நடந்த ஒன்று இதற்குக் கண்கூடான சாட்சி. கப்கேக் செய்யும் ஒரு சிறிய பேக்கரி, ஒரு டஜனை 75 சதவீதத் தள்ளுபடியில் டீல் தளத்தில் போட்டது. உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. 8,500 பேர் வாங்கிவிட்டார்கள். அதாவது 1,02,000 கப்கேக். தற்காலிக ஆட்களை அமர்த்தி, ஒவ்வொரு டஜனிலும் நட்டப்பட்டுத்தான் அந்தக் கடை சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. அப்படிக் காப்பாற்ற எல்லாக் கடைகளாலும் முடியாது.

எல்லாக் கடைகளுக்கும் நட்டம் என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் உத்பல் தோலகியா, குரூப்பானில் டீல் போட்ட 150 தொழில்களை ஆராய்ந்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டார். 66 சதவீதத்தினருக்கு அது லாபமாக அமைந்தது. 32 சதவீதத்தினருக்கு நட்டம். இதை வாங்குபவர் பக்கமிருந்து படித்தால், ஏறக்குறைய மூன்றில் ஒரு கடை உங்களுக்குச் சேவை செய்யும்போது தன் கைக்காசை இழந்துகொண்டிருந்தது என்று பொருள். அந்த மூன்றில் ஒன்று எது என்பதைப் பணம் கட்டும் முன் ஊகிக்க முடிந்தால் போதும்.

இந்த முறை தொடங்கியபோது ஊகிக்க உதவும் ஓர் எண் டீலிலேயே இருந்தது. 2008 நவம்பரில் சிகாகோவில் ஆண்ட்ரூ மேசன் குரூப்பானைத் தொடங்கினார். அதற்கு முன் அவர் நடத்திய 'தி பாயிண்ட்' என்ற தளம், போதுமான பேர் சேர்ந்தால் மட்டுமே ஒரு செயல் தொடங்கும் என்ற அடிப்படையில் இயங்கியது. அதே விதிதான் டீலுக்கும் வந்தது: குறைந்தபட்சம் இத்தனை பேர் வாங்கினால்தான் டீல் செல்லும், இல்லாவிட்டால் யாருக்கும் பணம் பிடிக்கப்படாது. மொத்தமாக ஆள் வருவது உறுதி என்பதால்தான் கடைக்காரர் விலையை இறக்கினார். நாளடைவில் அந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கை மறைந்தது. ஒரு நாள் டீல் என்பதும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தொங்கும் டீலாக மாறியது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அதனால் பக்கத்தின் ஓரத்தில் ஓடும் கடிகாரத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். கடையின் பெயரையும் 'டீல்' என்ற சொல்லையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். அதே கடை, அதே விலை, மூன்று மாதங்களுக்கு முன்பும் வந்திருக்கும், இனியும் வரும். ஆண்டு முழுக்கப் பாதி விலைக்குக் கிடைக்கும் பொருளுக்கு அந்தப் பாதிதான் உண்மையான விலை.

எத்தனை பேருக்கு விற்றிருக்கிறார்கள்?

பல தளங்கள் விற்ற எண்ணிக்கையைக் காட்டுகின்றன. எண்ணிக்கை பெரிதாக இருந்தால் பலர் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்கள். நான் அதை எச்சரிக்கையாகவே பார்ப்பேன். கணக்கு இதுதான். ஒரு மசாஜ் நிலையம் வவுச்சர்காரர்களுக்கென்று ஒரு நாளில் 4 ஸ்லாட் ஒதுக்குகிறது. வாரத்தில் 6 நாள் திறந்திருக்கிறது. அப்படியானால் வாரத்துக்கு 24 பேர். வவுச்சர் 12 வாரம் செல்லும் என்றால் மொத்தம் 288 பேரை மட்டுமே அவர்களால் பார்க்க முடியும். விற்றதோ 600. எல்லோருக்கும் செய்து முடிக்க 25 வாரம் வேண்டும். வாங்கியவர்களில் சிலர் மறந்துவிடுவார்கள் என்றாலும், கடைசி மூன்று வாரங்களில் போன் செய்பவருக்கு 'ஸ்லாட் இல்லை' என்ற பதில்தான் கிடைக்கும்.

இது கற்பனைச் சிக்கல் அல்ல. பிரிட்டனின் நியாய வர்த்தக அலுவலகம் குரூப்பானை விசாரித்து, 2012 மார்ச்சில் அந்நிறுவனத்திடம் பெற்ற உறுதிமொழிகளில் இதுவும் ஒன்று: சொன்ன அளவில், சொன்ன காலத்துக்குள் செய்து தரக் கடைக்கு வசதி இருக்கிறதா என்று நேர்மையாக மதிப்பிட்ட பிறகே டீலை வெளியிட வேண்டும். தள்ளுபடிக்கு முந்தைய விலை உண்மையானதாக இருக்க வேண்டும், நிபந்தனைகளை வாங்கும் முன்பே தெளிவாகக் காட்ட வேண்டும் என்பனவும் அதில் இருந்தன. தளம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாமல், இந்த மூன்றையும் நீங்களே சோதிப்பது நல்லது.

சோதிக்க எளிய வழி, வாங்குவதற்கு முன் கடைக்கு இரண்டு முறை போன் செய்வது. முதல் முறை வவுச்சரைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். அந்தச் சேவைக்கு இப்போது என்ன விலை, அடுத்த காலி நேரம் எப்போது என்று மட்டும் கேளுங்கள். சில மணி நேரம் கழித்து இரண்டாவது அழைப்பு. இந்த முறை டீலைச் சொல்லி, வவுச்சரோடு வந்தால் எந்த நாளில் இடம் கிடைக்கும் என்று கேளுங்கள். முதல் பதில் 'நாளைக்கே வரலாம்', இரண்டாவது 'ஐந்து வாரம் ஆகும்' என்றால் அங்கே உங்களை எப்படி நடத்துவார்கள் என்பது தெரிந்துவிடும். விலையிலும் இதே சோதனைதான். டீல் பக்கத்தில் அடித்துக் காட்டியிருக்கும் 100, போனில் 80 ஆகிவிடுவது அரிதல்ல. கடையின் சொந்தத் தளத்தில் புது வாடிக்கையாளருக்கென்று ஒரு சலுகை இருந்தால் இடைவெளி இன்னும் சுருங்கும்.

உங்கள் பக்கக் கணக்கு

மேலே சொன்ன 100 என்ற விலை உண்மையில் 80 என்று தெரிந்துவிட்டது. வவுச்சர் 50. மிச்சம் 30 என்று தோன்றும். இதில் இரண்டு கழித்தல்கள் உண்டு.

முதலாவது, பயன்படுத்தாமல் போவது. உங்கள் மின்னஞ்சலில் பழைய வவுச்சர்களைத் தேடி எடுத்து, பத்தில் எத்தனையைப் பயன்படுத்தினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஏழு என்றால், 500 செலவழித்து ஏழு முறை சேவை பெற்றிருக்கிறீர்கள். ஒரு முறைக்கு ஏறக்குறைய 71. இரண்டாவது, வவுச்சரில் அடங்காத கட்டணங்கள். சேவைக் கட்டணம் 10 சதவீதம் என்றால், பல இடங்களில் அதைத் தள்ளுபடிக்கு முந்தைய 100-க்குத்தான் கணக்கிடுவார்கள். அது 10 சேர்த்து 81. வவுச்சர் இல்லாமல் நேரே போயிருந்தால் 80-ம் அதற்கான 8-ம் சேர்த்து 88. ஆக மிச்சம் 7. ஐம்பது சதவீதம் என்று தொடங்கியது எட்டு சதவீதத்தில் வந்து நிற்கிறது. அந்த எட்டுக்காக முன்கூட்டியே பணம் கட்டி, அவர்கள் சொன்ன நாளில், அவர்கள் சொன்ன நேரத்தில் போய் நிற்கிறீர்கள்.

வாங்கிய வவுச்சரை உடனே பயன்படுத்துபவருக்கு இந்தக் கணக்கு முற்றிலும் மாறிவிடும். பத்துக்குப் பத்தும் பயன்படுத்தினால் செலவு 50-ம் 10-ம் சேர்த்து 60 மட்டுமே. 88-க்கு எதிரே 60 என்பது நல்ல லாபம். அதனால்தான், ஏற்கெனவே செய்ய முடிவெடுத்த ஒன்றுக்கு மட்டும் வவுச்சர் தேடுங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். டீலைப் பார்த்த பிறகு முளைத்த ஆசைக்கு வாங்கும் வவுச்சர்கள்தான் பெரும்பாலும் காலாவதியாகின்றன. பணம் கட்டும் முன்பே நாட்காட்டியில் ஒரு தேதியைக் குறித்துவிடுங்கள். குறிக்கத் தேதி அமையவில்லை என்றால் அந்த டீல் உங்களுக்கானது அல்ல.

பொடி எழுத்தில் பார்க்க வேண்டியவை

எல்லா நிபந்தனைகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. 'மற்ற சலுகைகளோடு சேர்க்க முடியாது' என்பது வழக்கமான வரி, கடந்து போகலாம். 'புதிய வாடிக்கையாளருக்கு மட்டும்' என்றால் கவனிக்க வேண்டும். சில கடைகளில் கடந்த ஓராண்டில் வராதவர்கள் எல்லாம் புதியவர்கள். சிலவற்றில் ஒரு முறை வந்திருந்தாலும் பழையவர்தான்.

'ஒருவருக்கு ஒன்று' என்பதும் 'ஒரு வருகைக்கு ஒன்று' என்பதும் வேறு வேறு. இரண்டு பேர் போகத் திட்டமிட்டு ஆளுக்கொன்று வாங்கிய பிறகு, 'ஒரு குழுவுக்கு ஒரு வவுச்சர்தான்' என்று வாசலில் சொல்லி நிறுத்துவது அடிக்கடி நடக்கும் தகராறு. 'ஒரே தடவையில் பயன்படுத்த வேண்டும்' என்று இருந்தால், 100 மதிப்பில் 70-க்கு மட்டும் எடுத்தால் மீதி 30 போய்விடும். '24 மணி நேரத்துக்கு முன் சொல்லாமல் புக்கிங்கை ரத்து செய்தால் வவுச்சர் செல்லாது' என்ற வரி மிகவும் கறாரானது. காய்ச்சல் வந்து படுத்தாலும் அது பொருந்தும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. புக்கிங்கின்போது வவுச்சர் எண்ணைக் கேட்பார்கள். அந்த நேரத்திலேயே அதைப் 'பயன்படுத்தியாயிற்று' என்று பதிவு செய்யும் கடைகள் உண்டு. பிறகு அவர்களே நாளை மாற்றினாலும், தளத்தின் கணக்கில் உங்கள் வவுச்சர் முடிந்துபோனதாகவே இருக்கும். ரீஃபண்ட் கேட்டால் தானியங்கிப் பதில் மறுத்துவிடும். எண்ணைச் சொல்லும்போதே, 'இப்போது பதிவாகுமா, நேரில் வரும்போதா' என்று கேளுங்கள். புக்கிங் உறுதியானதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தி போதும். நிபந்தனைப் பக்கத்தை வாங்கிய அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ஏனென்றால் டீல் முடிந்ததும் பல தளங்களில் அந்தப் பக்கமே இருக்காது.

சில வகை டீல்களில் சிக்கல் நிபந்தனையில் இருக்காது. சேவையின் இயல்பிலேயே இருக்கும். லேசர் முடி நீக்கம் நல்ல உதாரணம். முடி வெவ்வேறு சுழற்சியில் வளர்வதால் பொதுவாக ஆறு அமர்வுகளாவது தேவைப்படும்; ஒவ்வொன்றுக்கும் இடையே நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். ஆறு அமர்வுகளுக்கு நடுவே ஐந்து இடைவெளி. ஆறு வாரம் என்று வைத்தால் 30 வாரம். வவுச்சர் ஆறு மாதம்தான் செல்லும் என்றால் அது 26 வாரம். முதல் நாளே தொடங்கினாலும் கடைசி அமர்வு வெளியே நிற்கும். தொடங்குவதற்கு முன் தோலில் சிறு இடத்தில் சோதித்துப் பார்த்துக் காத்திருக்கும் நாட்களும் அதோடு சேரும். மூன்று அமர்வு மட்டும் தரும் டீல்கள், மீதியை முழு விலையில் வாங்க வைப்பதற்கான வாசல். இதைத் தாண்டி, கண் அறுவை சிகிச்சை, பல் வேலை, ஊசி போடும் அழகுச் சிகிச்சை ஆகியவற்றை வவுச்சரில் வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. உங்களுக்கு அந்தச் சிகிச்சை பொருந்துமா என்பதை மருத்துவர் சொல்லும் முன்பே பணம் கட்டியிருக்கிறீர்கள். கட்டிய பணம் இருவரையும் அவசரப்படுத்தும்.

புகைப்பட ஸ்டூடியோ டீல்களில் படம் எடுப்பது மலிவு. படம் வாங்குவதுதான் விலை. வவுச்சரில் ஒரு பிரிண்ட் இருக்கும். டிஜிட்டல் கோப்புகள் உண்டா, எத்தனை, என்ன அளவில் என்று முன்பே கேட்காவிட்டால், குழந்தையின் முப்பது அழகான படங்களைத் திரையில் காட்டி ஒவ்வொன்றுக்கும் விலை சொல்லும்போது மறுக்க மனம் வராது. பயண டீலில் 'இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கு' என்ற சொற்களைத் தேடுங்கள். காட்டிய விலையை இரண்டால் பெருக்க வேண்டியிருக்கும். வார இறுதிக்கும் விடுமுறைக் காலத்துக்கும் கூடுதல் கட்டணம் தனி.

நான் தயங்காமல் வாங்கச் சொல்லும் டீல்களும் இருக்கின்றன. ஒரு மாத உடற்பயிற்சிக்கூடம், பத்து யோகா வகுப்பு, மட்பாண்டம் அல்லது நடன அறிமுக வகுப்பு போன்றவை பிடிக்குமா என்று பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. ஓராண்டுச் சந்தா கட்டிவிட்டு இரண்டாவது வாரமே நிறுத்துவதோடு ஒப்பிட்டால் இதில் போகும் பணம் சொற்பம். வார நாட்களில் பகல் நேரம் ஓய்வாக இருப்பவர்களுக்கு இந்தத் தளங்கள் மிகவும் பொருந்தும். கடை நிரப்ப நினைக்கும் காலி நேரமும் உங்கள் ஓய்வு நேரமும் ஒன்றாக அமைகின்றன. ஏற்கெனவே முழு விலை கொடுத்துப் போய்வரும் இடம், பழைய வாடிக்கையாளருக்கும் டீல் உண்டு என்று சொன்னால் யோசிக்கவே வேண்டாம். தரம் தெரியும், தேதியும் உங்கள் கையில்.

காலாவதி, ரீஃபண்ட், மூடிய கடை

வவுச்சருக்கு இரண்டு மதிப்புகள் உண்டு. நீங்கள் கட்டிய 50 ஒன்று. கடை சலுகையாகச் சேர்த்த 50 மற்றொன்று. பல தளங்களின் விதிப்படி, காலாவதி தேதிக்குப் பின் சலுகை மட்டுமே போகும். கட்டிய தொகை அளவுக்கு அதே கடையில் சேவை பெறலாம். இந்தப் பிரிவினை சும்மா வந்ததல்ல. அமெரிக்காவில் 2009-இல் வந்த கார்டு சட்டம் பரிசு அட்டைகளுக்குக் குறைந்தது ஐந்தாண்டு ஆயுள் வேண்டும் என்றது. சில மாதங்களிலேயே காலாவதியாகும் வவுச்சர்கள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று வழக்குகள் வர, 2012-இல் குரூப்பான் 85 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. உங்கள் நாட்டுச் சட்டம் எதுவானாலும், தேதி தாண்டிய வவுச்சரைக் குப்பையில் போடும் முன் தளத்தின் விதிகளைப் படித்துவிட்டு, கட்டிய தொகையைக் கழித்துத் தருவார்களா என்று கடையில் கேளுங்கள். ஒரு புது வாடிக்கையாளரை இழப்பதைவிட அது மேல் என்று நினைக்கும் கடைகள் பல.

ரீஃபண்டில் இரண்டு கேள்விகள் முக்கியம்: வாங்கி எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும், பணம் எங்கே வரும். தளத்தின் கிரெடிட்டாக வந்தால் அது உங்கள் பணம் ஆகாது. அதே தளத்தில் இன்னொரு டீல் வாங்கத்தான் உதவும், அதற்கும் காலாவதி இருக்கலாம். கட்டிய கார்டுக்கே திரும்பும் வகையில் கேளுங்கள்.

கடை மூடிவிட்டது, அல்லது பல முறை கேட்டும் தேதி தரவில்லை என்றால் வரிசை இப்படி. முதலில் கடைக்குத் தேதி குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். போன் பேச்சு சாட்சி ஆகாது. பதில் இல்லாவிட்டால் அந்த மின்னஞ்சலையும் நிபந்தனை ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்துத் தளத்திடம் முறையிடுங்கள். பணம் வாங்கியது தளம் என்பதால், 'கடையிடம் பேசிக்கொள்ளுங்கள்' என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். அங்கேயும் நடக்கவில்லை என்றால் உங்கள் வங்கியிடம், சேவை வழங்கப்படவில்லை என்ற காரணத்தைச் சொல்லி சார்ஜ்பேக் கேளுங்கள், அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேளுங்கள். இதற்குக் காலக்கெடு உண்டு. கார்டு நிறுவனங்களின் விதிகளில் பெரும்பாலும் 120 நாள். எந்த நாளிலிருந்து எண்ணுவார்கள் என்பதை வங்கியிடம் முதல் அழைப்பிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வவுச்சர் முடியும் வரை பொறுத்திருந்து பார்ப்போம் என்று இருப்பவர்கள்தான் இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள். வாங்கிய இரண்டாவது வாரத்துக்குள் புக்கிங் கேட்டு முதல் மின்னஞ்சல் போய்விட்டால், மேலே சொன்ன எல்லாப் படிகளுக்கும் நேரம் இருக்கும்.